ஓநாய் வீடு திரும்பிய கதை

வளர்ந்து, வீட்டை விட்டுத் தூரமாகப் போய்விட்ட ஓநாய் திரும்பி வராது. இது தெரிந்திருந்தும், வரும் என்று வட சிலாங்கூரில் பத்துப் பன்னிரண்டு தோட்டங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவன் நான். சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதை நம்பி ஓர் அம்மா, இடிக்கப் போகிற தொழிலாளர் லயத்தில் தன் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

எண்பதுகளின் முற்பகுதியில் எனக்கு அரசாங்கப் பட வண்டியில் வேலை. வண்டி தோட்டம் தோட்டமாகப் போகும். பந்து விளையாடும் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவோம். பொழுது சாய்ந்ததும் படம் ஓடும். படம் இங்கிலீஷில் இருக்கும், சில சமயம் மலாயில் இருக்கும். நான் மெஷின் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, திரையில் நடப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். டிரைவர்தான் மெஷினையும் ஓட்டுவார். அவர் மலாய்க்காரர், அவர்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி ‘பாங்’ என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷம் தோட்டங்களைச் சுற்றியதில் எங்கள் ஆட்களின் தமிழை என்னைவிடச் சரளமாகப் பேசுவார். ஆனால் வண்டிக்குள் எங்கள் இருவருக்கும் பேச்சு குறைவு. அவருக்கு வீட்டில் ஏழு பிள்ளைகள், வண்டியில்தான் கொஞ்சம் அமைதி கிடைக்கும். எனக்கு வீட்டில் அமைதியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வீடு என்ன வீடு, கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் கலைந்தது. மூன்றாவது முறை யாராவது பேச்செடுத்தால் நானே எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா சுங்கை பஞ்சாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தார். தீபாவளிக்கு ஒரு நடை போவேன், இரண்டாம் நாளே வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன்.

நாங்கள் காட்ட வேண்டிய படம் பெரும்பாலும் கொசுவைப் பற்றியது. தேங்கிய தண்ணீரைக் கொட்டு, தொட்டியைக் கழுவு, அவ்வளவுதான் கதை. கொசுவைப் பார்க்க யார் பாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? அதனால் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளைக்குச் சீனி கொடுப்பது போல, கடைசியில் ஒரு நல்ல படம் போடுவோம். அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த சீனி, சாம்பல் நிற ஓநாய்களைப் பற்றி எங்கோ பனி பெய்கிற தேசத்தில் எடுத்த படம். இரண்டு சுருள். கூடவே இருபது பக்கத்துக்கு இங்கிலீஷில் தட்டச்சு செய்த விளக்கம்.

எனக்கும் பனிக்கும் இருந்த உறவு கடையில் துருவிக் கொடுக்கிற ஐஸ் கச்சாங்கோடு சரி. ஓநாயும் எனக்குத் தெரியாது. பேராசைக்காரனைத் திட்டுவதற்கு வைத்திருந்த ஒரு சொல், அவ்வளவே. ஆனால் தெரியாததை மைக்கில் சொல்ல எனக்குப் பிடிக்காது. கிள்ளான் நூலகத்துக்குப் போய் ஓநாயைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை இல்லாத மத்தியானங்களில் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே கடையில் மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே எனக்குத் தும்மல் வரும். அப்படித் தும்மிக்கொண்டே படித்ததுதான் ஓநாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்.

ஓநாய்க் கூட்டம் என்று நாம் பயந்து சொல்கிறோமே, அது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான். அப்பா, அம்மா, இந்த வருஷத்துக் குட்டிகள், போன வருஷத்துப் பிள்ளைகள். குட்டிகள் கண் திறக்காமல், காது கேளாமல் மண்ணுக்குள் தோண்டிய வளையில் பிறக்கின்றன. முதல் சில வாரம் தாய் வளையை விட்டு அதிகம் நகராது. அப்பன்தான் வேட்டைக்குப் போய்க் கறி கொண்டு வர வேண்டும். வாயில் கவ்வி வருவதும் உண்டு, வயிற்றில் போட்டு வருவதும் உண்டு. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஓடிப் போய் அவன் வாயை முட்டி முட்டி நக்கும். அவன் வயிற்றிலிருந்து எடுத்துக் கக்கிக் கொடுப்பான். பெரியவர்கள் வேட்டைக்குப் போகும்போது போன வருஷத்து அண்ணனோ அக்காவோ வீட்டில் தங்கிக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். வேட்டை என்றால் பாய்ந்தவுடன் இரை விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புகின்றன. பட்டினி அவற்றுக்குப் பழக்கம். ஆழமான பனியில் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னே போனதன் காலடியிலேயே கால் வைத்து நடக்கின்றன. பின்னால் வருகிறவனுக்கு அலுப்பு குறையுமாம்.

இரண்டு வயது வாக்கில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. யாரும் கம்பெடுத்து விரட்டுவதில்லை. இரை குறைந்தால் கடைசியாகச் சாப்பிட வேண்டியிருக்கும், சின்னச் சின்ன உரசல் வரும், ஒரு நாள் அதுவாகவே தள்ளிப் படுக்கும். பிறகு ஒரு நாள் காணாது. போகிற வழியெல்லாம் வேறு குடும்பங்களின் எல்லை. அவை மரத்திலும் கல்லிலும் மூத்திரம் விட்டு வேலி போட்டிருக்கும். மாட்டிக்கொண்டால் கொன்றுவிடவும் கூடும். அதனால் தனி ஓநாய் தாராளமாக ஊளையிடாது. வாயை மூடிக்கொண்டு, ஓரமாக, மற்றவர்கள் விட்டுப்போன எலும்பைப் பொறுக்கிக்கொண்டு நடக்கும்.

தனி ஓநாய் என்றால் யாருக்கும் அடங்காத வீரன் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். புத்தகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தனிமை ஓநாயின் சுபாவமே அல்ல. பழைய குடும்பத்தை விட்டதற்கும் புதுக் குடும்பம் அமைவதற்கும் நடுவே வருகிற ஒரு பருவம், அவ்வளவுதான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கீழே போய்க் கோப்பி குடித்தேன். எனக்கு அந்தப் பருவம் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

படத்தின் கதையும் புத்தகத்தை ஒட்டியதுதான். முதல் சுருளில் வசந்தம். பனி கரைகிறது, ஒரு பெரிய ஓநாய் கறியைக் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடி வருகிறது, வீடே வாலை ஆட்டிக்கொண்டு அதைச் சூழ்ந்துகொள்கிறது. அதுதான் அப்பா. பிறகு குட்டிகள், விளையாட்டு, கோடை. இரண்டாம் சுருளில் வேட்டை, இலையுதிர்வு, வளர்ந்த பிள்ளையில் ஒருவன் வீட்டை விட்டுப் போவது, பனியில் அவன் தனியாக அலைவது. கடைசியில் வெள்ளை வெளேரென்ற பனியில் அவனுடைய காலடி வரிசை மட்டும் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் அதன் பக்கத்தில் இன்னொரு காலடி வரிசை வந்து சேரும். வேறு கூட்டத்தில் இருந்து கிளம்பி வந்த ஒரு பெண் ஓநாய். இரண்டு வரிசையும் சேர்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போய் மறையும். படம் முடிந்தது.

முதன்முதலில் அதைக் காட்டியது ஜெராமுக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். கொசுப் படம் முடிந்தது. ஓநாய்ப் படத்தை டிரைவர் மாட்டினார். திரையில் முதல் காட்சியாகவே வேட்டை வந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்தேன், அதில் பனி கரைந்துகொண்டிருந்தது. டப்பாக்களுக்குள் சுருள்கள் மாறியிருந்தன.

“பாங், இது ரெண்டாவது!” என்று டிரைவரிடம் கிசுகிசுத்தேன்.

“கழட்டி மாட்டுனா கால் மணி ஆவும். மழை வேற வருது. நீ பேசுலா,” என்றார்.

பேசினேன். தோட்டத்து ஆட்களுக்குத் திரையில் எது வந்தாலும் முறை தெரிய வேண்டும். “அது யாரு சார்? அவனுக்கு இது என்னா வேணும்?” என்று முன்வரிசையிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லா ஓநாய்க்கும் முறை வைத்தேன். அவர் அப்பா, இது அம்மா, இவன் நடுப் பையன். நடுப் பையன் வீட்டை விட்டுப் போனபோது திடல் அமைதியாகிவிட்டது. பனியில் அவன் மூக்கைத் தூக்கி ஊளையிட்டான். நானும் மைக்கில் ஊளையிட்டேன். லயத்து நாய்கள் அத்தனையும் பதிலுக்கு ஊளையிட்டன. சிரிப்பில் திடலே குலுங்கியது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறியிருக்க வேண்டும்.

இரண்டாவது காலடி வரிசை வந்தது. “யாரு சார் அது?” என்றார்கள். இதற்குப் பிறகு முதல் சுருள் ஓடியாக வேண்டும். அதில் மறுபடி குடும்பம் வரும், ஓர் ஓநாய் கறியோடு வீட்டுக்கு ஓடி வரும். அரை நிமிஷத்தில் முடிவு செய்தேன். “அவனைத் தேடிக்கிட்டு அவங்க அம்மா கிளம்பிட்டாங்க!” என்றேன். சுருள் மாற்றும்போது ஒருவரும் எழுந்து போகவில்லை. விளக்கு அணைந்தது, பனி கரைந்தது, பெரிய ஓநாய் கறியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. “வந்துட்டான்! நம்ம பையன் வந்துட்டான்!” என்று கத்தினேன். திடலில் கைதட்டல் எழுந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குட்டிகள் அவன் வாயை நக்கியபோது, அண்ணன் என்ன வாங்கி வந்தான் என்று பார்க்கிறார்களாம் என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழங்கை வரை செம்பனை முள் கீறிய தழும்புகள். கீழே சிந்தும் பழம் பொறுக்குகிற வேலை என்று தெரிந்தது.

“தம்பி, அந்தப் பையன் எத்தன நாள் களிச்சித் திரும்பி வந்துச்சி?”

எனக்கு மழைக்கு முன்னால் மெஷினை வண்டியில் ஏற்ற வேண்டும். “மூணு வருசம் ஆச்சும்மா,” என்றேன், வாயில் வந்ததை.

“மூணு வருசம்,” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தோட்டத்தில் சுருள்களைச் சரியான வரிசையில் போட்டிருக்கலாம். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “ஆளுங்க சந்தோசமா போறாங்க. ஒனக்கு என்னா?” என்றார். எனக்கு என்ன? எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது. அறையில் என் குரலைக் கேட்க ஒரு பல்லிகூட இல்லை. தோட்டத்தில் முந்நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அறிந்தேதான் மாற்றிப் போட்டோம். ராசா ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டாம் முறையும் அதே படம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஊளையிடுகிற சார் என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். படம் முடிந்து அரை மணி நேரத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வண்டி பட்டணத்துக்குத் திரும்பும். சீனன் கடையில் கடைசித் தட்டு மீ நூடுல்ஸைத் தின்றுவிட்டு மாடிப்படி ஏறுவேன். அந்த அரை மணி நேரம்தான் என் குடும்பம்.

இப்படி நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை பாசாரில் மீன் வாங்க நின்றபோது, ஜெராம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒங்க படத்தால எனக்குப் பெரிய தலவலி.”

விஷயம் இதுதான். அந்தத் தோட்டத்துப் பழைய லயத்தை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்குக் கல்வீடு தயார். வேலை முடிந்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். என்னிடம் கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு வேலை முடிந்துவிட்டது. ரவாங்கில் மகள் இருக்கிறாள், ஃபேக்டரியில் வேலை, அம்மாவைக் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறாள். இரண்டு தடவை வந்து அழைத்தும் பார்த்துவிட்டாள். அம்மா நகரவில்லை. அவருக்கு ஒரு மகனும் உண்டு. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியோடு சண்டை போட்டுவிட்டு, சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவன். கடிதம் இல்லை, ஆளும் இல்லை.

“மூணு வருசத்துல வந்துருவான், படத்துலயே சொல்லிட்டாங்க, இன்னும் ஆறு மாசந்தான், அவன் வந்தா இந்தக் கதவத்தான தட்டுவான்னு சொல்லுது சார். பக்கத்துல எல்லாரும் போயிட்டாங்க. மாசக் கடைசியில தண்ணிய நிறுத்தப் போறாங்க. மக இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருச்சி. மகளையும் விட்டுட்டா இந்தம்மா எங்க போவும்?”

மீனை வாங்காமலே அறைக்குத் திரும்பினேன். உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு என்னைத் தெரியும், நான் சாக்குச் சொல்வதில் கெட்டிக்காரன். படம் வெறும் படம்தானே என்றேன். யாரோ நம்பினால் அதற்கு நானா பொறுப்பு என்றேன். உண்மைக் காரணம் வேறு. போய்ச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு படத்தைச் சரியாகத்தான் காட்ட வேண்டும். கைதட்டல் போய்விடும். ஒரு வாரம் முழுக்க இப்படி எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். எட்டாம் நாள் அந்த வக்கீல் வேலை எனக்கே சலித்துவிட்டது. ஜெராம் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு உள்ளே இரண்டு மைல். மத்தியானம் செம்பனை நிரைகளுக்கு நடுவே ஒரு மனிதர் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிழல். வண்டியில் வரும்போது இது தெரிவதில்லை. லயத்தில் பன்னிரண்டு கதவுகளில் பதினொன்று கழற்றப்பட்டிருந்தன. கடைசி வீட்டின் கதவு மட்டும் இருந்தது, திறந்தும் இருந்தது. வாசலில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த அம்மா சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு? படக்காரத் தம்பியா? வாங்க, வாங்க. பசியாறிட்டீங்களா?”

சைக்கிள் மகனுடையது. வாரம் ஒரு முறை காற்று அடித்து வைப்பாராம். கோப்பி கலக்கிக் கொடுத்தார். உள்ளே ஒரு சாமான்கூடக் கட்டப்படவில்லை. அவர் மறுபடி வாசலில் பம்பை எடுத்தார், நான் கோப்பியை ஆற வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், மைக் பிடிக்காத குரலில் சொன்னேன்.

“அம்மா, அன்னிக்குப் படத்த மாத்திப் போட்டுட்டோம். பின்னாடி வர்றது முன்னாடி வந்துருச்சி. அந்தப் பையன் திரும்பி வரல.”

அவர் கையில் இருந்த பம்பைக் கீழே வைத்தார். “கறியக் கவ்விக்கிட்டு வந்தானே?”

“அம்மா, அது அவனோட அப்பா. அந்தப் பையன் குட்டியா இருக்கும்போது எடுத்தது.”

“அப்போ அந்த மூணு வருசம்?”

“அது நான் சும்மா சொன்னது.”

என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். எங்கோ தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சக்கரத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “போனா வரவே வராதா?” என்றார்.

“கிட்டத்துல போனது ஒண்ணு ரெண்டு கொஞ்ச நாள்ல வந்து எட்டிப் பாக்கும். தூரம் போனது வராதும்மா.”

“அவங்கம்மா தேடிப் போச்சின்னீங்களே? பக்கத்துல காலடி தெரிஞ்சிச்சே? அதுவும் சும்மாவா?”

“காலடி நெசந்தான். ஆனா அவங்க அம்மா இல்ல. அது வேற கூட்டத்துப் பொண்ணு. அதுவும் வீட்ட விட்டு வந்து தனியா அலஞ்சதுதான்.”

அவர் முகம் மாறியது. “பொண்ணா?”

“ஆமா.”

“இவன்கூடச் சேந்துருச்சா?”

“சேந்துருச்சி. அதோட படம் முடிஞ்சிரும்.”

“எப்படிச் சேந்துச்சி? சொல்லுங்க தம்பி.”

சொன்னேன். புத்தகத்தில் படித்ததெல்லாம் சொன்னேன். முதலில் இரண்டும் எட்ட நின்றே பார்க்கும். ஒன்று விட்ட அடையாளத்தை மற்றது மோந்து பார்க்கும். சில நாள் தள்ளித் தள்ளி நடக்கும், தனித்தனியாகப் படுக்கும். பிறகு ஒரு நாள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுக்கும். ஒன்று அடையாளம் விட்ட இடத்திலேயே மற்றதும் விடும், இனி இது எங்கள் இடம் என்று ஊருக்குச் சொல்வது போல. வேட்டைக்குச் சேர்ந்து போகும். வசந்தத்தில் அதுகளே ஒரு வளை தோண்டும். ஊளையிட்டாலும் இனிப் பயமில்லை, பக்கத்திலிருந்தே பதில் வரும்.

அந்த அம்மா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். திடலில் முந்நூறு பேர் கேட்டதைவிட நன்றாகக் கேட்டார். முடித்ததும் அழுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார்.

“இத ஏன் தம்பி அன்னிக்கே சொல்லல? ஆ? இவ்ளோ பெரிய விசயத்த விட்டுட்டு, வந்துட்டான் வந்துட்டான்னு கத்துனீங்களே! அவன் இங்க வந்து என்னா செய்யப் போறான்? வேலையா இருக்கு, வீடா இருக்கு? எனக்கு அவன் வரணும்னு இல்லப்பா. ஒவ்வொரு வேளையும் சோத்துல கை வைக்கும்போது, அவனுக்கு யாரு போடுவா, காய்ச்சல்ல படுத்தா யாரு தண்ணி குடுப்பா, அதான் எனக்கு உறுத்தும். யாரும் இல்லன்னா இங்கதான வரணும்? அதுக்குத்தான் இருந்தேன். அப்படி ஒருத்தி வருவான்னு சொல்லிருந்தா நான் எப்பவோ கெளம்பிருப்பேன்.”

“அது ஓநாய்ம்மா,” என்றேன். உண்மையைச் சொல்ல வந்தவன், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். “ஒங்க மகனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லா ஓநாய்க்கும் கெடைக்கறதும் இல்ல. சிலது தனியாவே செத்துரும்.”

“தெரியும் தம்பி. நான் பைத்தியமா? ஓநாயா என் வயித்துல பொறந்துச்சி? போனதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்குன்னு தெரியணும்ல. எனக்கு அது போதும்.”

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிளம்பினார். கிளம்பும் நாளை மண்டோர்தான் மகளுக்கும் எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். மருமகன் ஒரு சின்ன லோரி கொண்டுவந்திருந்தார். மகள் அம்மாவோடு பேசாமல் விறைப்பாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அம்மா வேண்டுமென்றே ஒவ்வொரு சாமானுக்கும் குறுக்கே வந்து, இது எதற்கு, அது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அலமாரிக்கு ஒரு கை கொடுத்தேன். சைக்கிளை மண்டோர் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. காற்றடித்துக் கை நோகிறது என்றார் அந்த அம்மா.

எல்லாம் ஏற்றி முடித்ததும், லயத்தின் நிழலில் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். நான் வேகமாகச் சாப்பிடுவதைப் பார்த்து அந்த அம்மா கேட்டார்.

“தம்பிக்கு வீட்ல யாரு சமைக்கிறது?”

“கடையிலதாம்மா.”

“சம்சாரம்?”

“இல்ல.”

“அம்மா?”

“சுங்கை பஞ்சாங்ல இருக்காங்க. அண்ணன் வீட்ல.”

“அவங்களுக்குத் தெரியுமா, நீங்க கடையில திங்கிறது?”

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, என் அம்மாவுக்கு நான் எழுதும் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கீழே மளிகைக் கடைக்காரர் வீட்டில் என்னைச் சொந்தப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்கிறார்கள், மூன்று வேளையும் அங்கேதான், கடைக்காரர் பிள்ளைகள் என் மடியை விட்டு இறங்குவதில்லை. மாதம் தவறாமல் அம்மாவுக்கு அப்படித்தான் எழுதுவேன். உண்மையில் கடைக்காரருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அம்மா அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு, சின்னவனுக்குக் குறையில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கவலைப்படக் கூடாது என்றுதான் எழுதினேன் என்றேன்.

அந்த அம்மா இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்தார். லோரியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தின பிறகு, ஜன்னலில் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“என்கிட்ட ரெண்டு மைலு நடந்து வந்து சொன்னியே, அதப் போயி ஒங்கம்மாகிட்ட சொல்லுப்பா. அவங்களும் என்னய மாதிரி மாத்திப் போட்ட படத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

அதுவரை ‘நீங்க’ என்றவர் முதல் முறையாக ‘நீ’ என்றார். லோரி நகர்ந்துவிட்டது. செம்பனைக்கு நடுவே அது திரும்பி மறையும் வரை நின்றேன். பிறகு அழுதேன். மண்டோர் கண்டுகொள்ளாதவர் போலக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த சனிக்கிழமை சுங்கை பஞ்சாங்குக்குப் பஸ் ஏறினேன். தீபாவளி இல்லாத நாளில் என்னைப் பார்த்து அம்மா பயந்துபோனார். உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, “நான் அங்க தனியாத்தாம்மா இருக்கேன்,” என்றேன்.